மருத்துவ எழுத்தும் மனித உயிரும்

நூலுக்குரிய அழகுகள் பத்து, குற்றங்கள் பத்து என்று நன்னூலார் வகுத்தார். படிப்போர்க்குப் பொருள் விளங்குமாறு கூறுதல் அவர் சொன்ன அழகுகளுள் ஒன்று. படிப்போரை மயங்கச் செய்தல் குற்றங்களுள் ஒன்று. நமது வகுப்பறைகளிலே இவை இருபதும் மனனஞ் செய்யப்படுகின்றன. பரீட்சைத் தாளிலே ஒப்புவிக்கப்படுகின்றன. அதன் பின் மறக்கப்படுகின்றன. எழுத்தின் தெளிவு என்பது இலக்கணகாரரின் விருப்பு வெறுப்புப் பற்றிய சங்கதி என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஒரு கவிதை தெளிவின்றிப் போனால் வாசகனுக்கு ஒரு மாலைப்பொழுது வீணாகும். ஒரு வைத்தியனின் எழுத்துத் தெளிவின்றிப் போனால் வீணாவது எது? இவ்வினாவுக்கு வைத்திய சரித்திரம் தரும் விடை எளிதிலே படித்துவிட்டு மறந்துவிடக் கூடியதன்று.

அவ்விடையை ஒரே நோயின் வரலாற்றிலே தேடிப் பார்ப்போம். பிரசவக் காய்ச்சல் என்பது அந்நோய். பிள்ளை பெற்ற இரண்டு மூன்று நாள்களிலே தாய்க்குக் குளிர் காணும், காய்ச்சல் ஏறும், வயிறு வீங்கித் தொடமுடியாதபடி நோகும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அவள் இறப்பாள். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிலே ஐரோப்பாவின் பிரசவ ஆஸ்பத்திரிகளில் இந்நோய் அலையலையாக வந்து தாய்மாரை வாரிக்கொண்டு போயிற்று. பிரசவம் பார்ப்போரின் கைகளும் கருவிகளுமே அந்நோயைப் பெரும்பாலும் சுமந்து சென்றன என்பதை இன்று நாம் அறிவோம். ஆனால் இவ்வுண்மை திடீரென ஒருநாள் உதித்ததன்று. மூன்று நாடுகளிலே மூன்று வைத்தியர்கள், ஏறத்தாழ அறுபது ஆண்டு கால எல்லைக்குள், தனித்தனியே இதனைக் கண்டார்கள். மூவரும் கண்டது ஏறக்குறைய ஒன்று; அதனை எழுத்தாக்கிய விதமோ வெவ்வேறு. அந்த வேறுபாட்டிலேதான் நமது பாடம் இருக்கிறது.

முதலாமவர் ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகரத்து வைத்தியர் அலெக்சாந்தர் கோர்டன். 1789 இன் இறுதியிலிருந்து 1792 வரை அந்நகரிலே பிரசவக் காய்ச்சல் பரவியது. கோர்டன் ஒவ்வொரு நோயாளியையும் குறித்து வைத்தார். 1795 இல் அவர் வெளியிட்ட நூலிலே 77 பெண்களின் விவரம் ஓர் அட்டவணையாக உள்ளது. பெயர், வயது, குடியிருந்த இடம், நோய் கண்ட நாள், பிழைத்தாளா இறந்தாளா என்பது, இவற்றோடு பிரசவம் பார்த்தவர் யார் என்பது. எழுபத்தேழு பேரிலே இருபத்தெட்டுப் பேர் இறந்தனர். அட்டவணையின் கடைசி நிரலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தால் போதும். அதே சில மருத்துவிச்சிகளின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது எவர் கண்ணுக்கும் புலப்படும். நோயாளியிடம் சென்று வந்தவர் யாரோ அவரே அடுத்த தாய்க்கும் நோயைக் கொண்டுபோனார் என்பதைக் கோர்டன் வாதத்தால் நிறுவவில்லை, நிரல்படுத்திக் காட்டினார். எந்த மருத்துவிச்சி பிரசவம் பார்க்கப் போகிறாள் என்று கேட்ட மாத்திரத்திலேயே எந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வரும் என்று தம்மாற் கூற முடிந்தது என அவர் எழுதினார். அந்தப் பட்டியலில் தம்மையும் அவர் விலக்கவில்லை. தாமே பல பெண்களுக்கு நோயைக் கொண்டு சென்றதாக ஒளிவின்றிக் கூறினார். நோயாளியின் உடையையும் படுக்கைத் துணியையும் எரிக்க வேண்டும் அல்லது தூய்மை செய்ய வேண்டும். தாதியரும் வைத்தியரும் நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். உடைகளுக்குப் புகையூட்ட வேண்டும் என்று வழியும் சொன்னார்.

ஊர் அவரை மன்னிக்கவில்லை. பெயர் சொல்லப்பட்ட மருத்துவிச்சிகளும் நகரத்துப் பெண்களும் அவருக்குப் பகையாயினர். அவர் முன்பு பணியாற்றிய கடற்படைக்கே திரும்பினார். 1799 இல் சயரோகத்தால் இறந்தார். தெளிவாக எழுதியவனுக்கு உடனே வெற்றி கிடைக்கும் என்று நம்புவோர் கோர்டனின் கதையை மனங்கொள்ள வேண்டும். ஆயினும் இன்னொன்றையும் மனங்கொள்ள வேண்டும். கோர்டன் இறந்தார், அட்டவணை இறக்கவில்லை.

அரை நூற்றாண்டின் பின்பு அந்த அட்டவணையைக் கையில் எடுத்தவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து ஓலிவர் வெண்டல் ஹோம்ஸ். இவர் வைத்தியர் மட்டுமல்லர், கவிஞருமாவார். சொல்லின் வலிமையை அறிந்தவர். பிரசவக் காய்ச்சல் தொற்று நோயே என்பதை நிறுவும் கட்டுரையொன்றை 1843 பெப்ரவரியிலே பொஸ்டன் வைத்திய சங்கமொன்றின் முன் அவர் வாசித்தார். ஹோம்ஸ் புதிய பரிசோதனை எதையும் செய்தவரல்லர். கோர்டன் முதலாகப் பலரும் அங்குமிங்கும் எழுதிவைத்த சம்பவங்களைத் திரட்டி, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, தப்பிச் செல்ல வழியில்லாதபடி வாசகனை முடிவுக்கு இட்டுச் சென்றார். கட்டுரையின் இறுதியிலே விதிகள் சிலவற்றை எண்ணிட்டுக் கூறினார். பிரசவம் பார்க்கும் வைத்தியன் இந்நோயால் இறந்தோரின் பிரேத பரிசோதனையிலே பங்குகொள்ளலாகாது. அருகில் நிற்க நேர்ந்தால் நன்றாகக் கழுவி, உடுத்த உடை யாவற்றையும் மாற்றி, ஒருநாளேனும் கழித்த பின்பே பிரசவத்துக்குப் போக வேண்டும். தன்னிடம் பிரசவமான இருவருக்கு அடுத்தடுத்துக் காய்ச்சல் கண்டால் ஒரு மாதமேனும் பிரசவத் தொழிலை அவன் நிறுத்த வேண்டும். எந்த நாட்டுக்காரனும் எந்தத் தத்துவத்தை நம்புகிறவனும் மறுநாட் காலையிலேயே செய்யக்கூடிய வகையிலே அவை அமைந்திருந்தன.

ஆனால் அக்கட்டுரை வெளிவந்த சஞ்சிகை சிறியது, ஓராண்டோடு நின்றுபோனது. பலர் அதனைப் படிக்கவே இல்லை. படித்தோருள் பிலடெல்பியாவின் புகழ்பெற்ற பேராசிரியர்களான ஹொட்ஜும் மீக்சும் அதனை இகழ்ந்தனர். தமக்கு விளங்காத தொற்றைக் காட்டிலும் தற்செயல் என்றோ தெய்வச் செயல் என்றோ கொள்வதே தமக்கு உவப்பானது என்று மீக்ஸ் எழுதினார். ஹோம்ஸ் என்ன செய்தார்? 1855 இல் பழைய கட்டுரையைத் திருத்தமின்றி அப்படியே மறுபதிப்புச் செய்து, புதிய முன்னுரை ஒன்றை அதன் முன் வைத்தார். முன்பே ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டதனால் அதைத் திருத்தவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

மூன்றாமவரே இம்மூவருள்ளும் இன்று உலகறிந்தவர். இம்மூவருள்ளும் மிகத் துயரமான முடிவை அடைந்தவரும் அவரே. இக்னாஸ் செமல்வைஸ் 1818 இல் ஹங்கேரியின் பூடா நகரிலே பிறந்தவர். 1846 இல் வியன்னாப் பொது ஆஸ்பத்திரியின் முதலாம் பிரசவப் பிரிவிலே பேராசிரியர் கிளைனின் உதவியாளராக அமர்ந்தார்.

அந்த ஆஸ்பத்திரியின் அமைப்பைச் சற்று நோக்குதல் வேண்டும். வசதி படைத்த வீட்டுப் பெண்கள் தம் வீடுகளிலேயே பிள்ளை பெற்றனர். இலவசப் பிரிவுக்கு வந்தோர் வேலைக்காரப் பெண்கள், கூலிப் பெண்கள், மணமாகாமற் கருவுற்று ஒதுங்க இடமற்ற பெண்கள். அவர்கள் பெற்ற இலவசச் சிகிச்சைக்கு விலை ஒன்று இருந்தது. மாணவர் கற்பதற்குத் தம் உடலைக் கொடுக்க வேண்டும். முதலாம் பிரிவு வைத்திய மாணவர் பயின்ற இடம். இரண்டாம் பிரிவு மருத்துவிச்சிகள் பயின்ற இடம். 1846 ஆம் ஆண்டிலே முதலாம் பிரிவில் நிகழ்ந்த 4,010 பிரசவங்களில் 459 தாய்மார் இறந்தனர். நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். இரண்டாம் பிரிவிலே 3,754 பிரசவங்களில் 105 பேர். நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. ஒரே கூரை, ஒரே நகரம், ஒரே வறுமை. எந்தப் பிரிவுக்கு எந்த நாளில் அனுமதி என்பது முறைப்படி மாறி வந்தது. இவ்வேறுபாட்டை ஏழைப் பெண்கள் ஆராய்ச்சியின்றியே அறிந்திருந்தனர். முதலாம் பிரிவிலே தம்மைச் சேர்க்க வேண்டாமென முழந்தாளிட்டுக் கெஞ்சினர். தெருவிலே பிள்ளை பெற்றுக்கொண்டு வந்தவர்களும் இருந்தனர். அவர்களிலே காய்ச்சல் கண்டோர் அரிது.

இம்மரணங்களுக்கு அக்காலத்து அறிஞர் கூறிய காரணம் யாது? வளிமண்டலமும் அண்டமும் பூமியும் கூடி விளைக்கும் செல்வாக்கு என்று நீண்ட தொடர்மொழி ஒன்றை அவர்கள் வைத்திருந்தனர். அச்சொற்றொடர் மிகக் கம்பீரமானது. ஆனால் அது எதையும் விளக்கவில்லை. அண்டத்தின் செல்வாக்கு ஒரு நடைவழியின் இப்பக்கத்தில் இருப்போரைக் கொன்று, அப்பக்கத்தில் இருப்போரை விட்டுவிடுவது எப்படி என்று எவரும் கேட்கவிடாமல் அச்சொற்றொடரின் கனமே தடுத்தது. தெளிவற்ற எழுத்து எப்போதும் திறமைக் குறைவால் மட்டும் பிறப்பதன்று என்பதை நாம் இங்கே காண்கிறோம். அது ஓர் அரணாகவும் பயன்படும். காய்ச்சல் “ஏற்பட்டது”, மரணம் “சம்பவித்தது” என்று எழுதும்போது செய்தவன் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறான். இன்னாருடைய கை இன்னாருக்கு நோயைக் கொண்டு சென்றது என்று எழுதினால் எழுவாய் வந்து நிற்கும். எழுவாயோடு பொறுப்பும் வந்து நிற்கும். அபர்டீனின் கோர்டனை ஊர் பகைத்தது இதனாலேயே.

செமல்வைஸ் அந்தச் சொல்லரணை ஏற்கவில்லை. நெருக்கடியா காரணம்? இரண்டாம் பிரிவிலேதான் நெருக்கடி அதிகம். மரணப் படுக்கைக்குச் செல்லும் குருவானவரின் மணியோசை ஊட்டும் பயமா? குருவானவரை வேறு வழியாகப் போகச் செய்தார்; மரணம் குறையவில்லை. பிரசவிக்கும் நிலையா? அதனையும் மாற்றிப் பார்த்தார், பயனில்லை. 1847 மார்ச்சிலே அவருடைய நண்பரான பேராசிரியர் கொலெட்ச்கா, பிரேத பரிசோதனையின்போது மாணவன் ஒருவனது கத்தி கீறியதனால் நோயுற்று இறந்தார். அவருடைய உடலிலே காணப்பட்ட மாற்றங்கள் இறந்த தாய்மாரின் உடல்களிற் கண்டவற்றையே ஒத்திருந்தன. புதிர் அவிழ்ந்தது. வைத்திய மாணவர் காலையிலே பிணங்களை அறுத்துவிட்டு, அதே கைகளோடு பிரசவ அறைக்கு வந்தனர். மருத்துவிச்சிகள் பிணம் அறுப்பதில்லை. மே மாத நடுவிலே, ஒவ்வொருவரும் குளோரீன் கரைசலிலே கை கழுவிய பின்பே தாய்மாரைத் தொட வேண்டும் என்று செமல்வைஸ் கட்டளையிட்டார். ஏப்ரிலிலே நூற்றுக்குப் பதினெண்மர் இறந்த பிரிவில் ஜூனிலே இருவரளவே இறந்தனர். 1848 ஆம் ஆண்டு முழுவதிலும் 3,556 பிரசவங்களுக்கு 45 மரணங்களே நிகழ்ந்தன.

இத்துணைப் பெரிய உண்மையைக் கண்டவர் உடனே பேனாவை எடுத்திருக்க வேண்டும் அல்லவா? அவர் எடுக்கவில்லை. எழுத்து என்று பெயர்பெற்ற எதன்மீதும் தமக்குப் பிறவியிலேயே வெறுப்பு உண்டு என்று பிற்காலத்தில் அவரே கூறினார். அவருடைய நண்பர் ஹெப்ரா தாம் ஆசிரியராக இருந்த வியன்னா வைத்திய சஞ்சிகையிலே 1847 டிசம்பரிலும் 1848 ஏப்ரிலிலும் சிறு குறிப்புகள் எழுதினார். மாணவரும் நண்பரும் வெளிநாடுகளுக்குக் கடிதங்கள் எழுதினர். கண்டவன் எழுதாமையால், கேட்டவர் எழுதிய செய்தியே ஐரோப்பாவிற் பரவியது.

கேட்டவர் வாயிலாகப் பரவும் செய்தி எப்படிச் சிதையும் என்பதற்கு இது தக்க சான்று. 1847 ஒக்டோபரிலே, புற்றுநோயால் சீழ் வடியும் பெண்ணொருத்தியை முதலிற் பரிசோதித்த பின்பு மற்றவர்களைப் பரிசோதித்தமையால் அவ்வரிசையிலே இருந்த பெண்கள் பலர் மாண்டனர். இதிலிருந்து, பிணம் மட்டுமன்றி அழுகிய உயிர்ப்பொருள் எதுவாயினும் கையில் ஒட்டி நோயைத் தரும் என்று செமல்வைஸ் தம் கருத்தை விரித்தார். ஆனால் வெளியுலகிலே நிலைபெற்றது பிணத்தைப் பற்றிய கதையே. எங்கள் ஊரிலே பிணம் அறுப்பதில்லை, ஆயினும் காய்ச்சல் வருகிறது, ஆகவே இவர் கூற்றுப் பிழை என்று பலர் மறுக்க அது இடந்தந்தது. எடின்பரோவின் சிம்சனோ, இது பிரித்தானியர் நெடுங்காலமாகக் கூறிவரும் தொற்றுக் கொள்கையே, புதிதாக இதில் ஒன்றுமில்லை என்று பதிலெழுதினார். ஒருவர் பிழை என்றார். மற்றவர் பழையது என்றார். இருவருமே மறுத்தது செமல்வைஸ் உண்மையிற் கூறியதை அன்று. கோப்பன்ஹேகனின் லெவி வேறு வினாக்களை எழுப்பினார். கையில் ஒட்டிய அத்தனை சிறிய அளவு எப்படிக் கொல்லும்? சில மாதக் கணக்கு எப்படிப் போதும்? இவை மூடத்தனமான வினாக்கள் அல்ல. கண்டவன் தன் கணக்குகளையும் நியாயங்களையும் முறையாக அச்சிலே வைத்திருந்தால் அவற்றுக்குப் பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்திருக்கும்.

1850 மே மாதத்திலே வியன்னா வைத்திய சங்கத்திலே அவர் உரையாற்றினார். கேட்டோர் பலர் மெச்சினர். அவ்வுரையையும் அவர் எழுதிக் கொடுக்கவில்லை. கூட்டக் குறிப்பின் சுருக்கமே எஞ்சியது. அதே ஆண்டு ஒக்டோபரிலே, தமக்குக் கிடைத்த பதவியின் கட்டுப்பாடுகளால் மனம் நொந்து, நண்பரிடமும் சொல்லாமற் பெஸ்ட் நகருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு சிறு ஆஸ்பத்திரியிலே ஆறாண்டுகளில் 933 பிரசவங்களுக்கு எட்டு மரணங்கள் என்ற அளவுக்கு நோயை அடக்கினார். அந்நகரிலே நிகழ்ந்தது அந்நகரோடு நின்றது. 1858 இலேதான் ஹங்கேரிய மொழியிலே எழுதத் தொடங்கினார். 1861 என்று ஆண்டு குறிக்கப்பட்டு, ஜெர்மன் மொழியிலே அவருடைய பெருநூல் வந்தது. கண்டுபிடிப்புக்கும் நூலுக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள்!

அந்நூல் ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. பொன் போன்ற அட்டவணைகள் அதிலே உள்ளன. ஆனால் அவற்றைச் சூழ்ந்து பழைய சண்டைகள், எதிரிகளின் கூற்றுக்கு வரிக்கு வரி மறுப்பு, கடிதப் போக்குவரத்து, கூறியது கூறல் என்பன காடாக வளர்ந்துள்ளன. நன்னூலார் எண்ணிய குற்றங்களுட் சிலவற்றை அங்கே எளிதிற் காணலாம். தொடர்ந்து அவர் வெளியிட்ட பகிரங்கக் கடிதங்களிலே, தம் கருத்தை ஏற்காத பேராசிரியர்களைக் கொலைகாரர் என்று பெயர் சொல்லி அழைத்தார். அந்தக் கோபத்தின் நியாயத்தை நாம் மறுக்க முடியாது; எண்ணற்ற தாய்மாரின் பிணங்களைக் கண்ட ஒருவரின் கோபம் அது. ஆனால் கோர்டனின் அட்டவணை செய்ததைக் கோபம் செய்யவில்லை. 1865 ஓகஸ்டிலே, வியன்னாவின் மனநோயாளர் விடுதியொன்றிலே, அனுமதிக்கப்பட்ட இரண்டு வாரத்துக்குள், இரத்தம் நஞ்சேறி அவர் இறந்தார். தம் வாழ்நாள் முழுதும் எதிர்த்துப் போராடிய நோயின் இனத்தைச் சேர்ந்த நோயே அவரையும் கொன்றது.

செமல்வைசின் தோல்விக்கு எழுத்துக் குறை ஒன்றே காரணம் என்று கூறினால் அது சரித்திரமாகாது. கிருமிகளைப் பற்றிய அறிவு அன்று வளரவில்லை. ஆஸ்பத்திரியின் படிநிலை அமைப்பிலே உதவியாளன் ஒருவன் பேராசிரியரைக் கொலைக் காரணர் ஆக்குவதை எந்தப் பேராசிரியர் பொறுப்பார்? 1848 இன் புரட்சியும் அதன்பின் வந்த அடக்குமுறையும் வியன்னாவின் அறிவுலகையும் இரண்டாக்கியிருந்தன. இறந்தோர் ஏழைப் பெண்கள். அவர்களுக்காகக் குரல் கொடுக்க அன்று எந்தச் சபையும் இருக்கவில்லை. தெளிவாகவே எழுதிய கோர்டனும் துரத்தப்பட்டார், ஹோம்சும் இகழப்பட்டார் என்பதை நாம் கண்டோம். தெளிவு மட்டும் வெற்றியைத் தராது. சமுதாயத்தின் தடைகளை இலக்கண சுத்தமான வாக்கியங்கள் தகர்த்துவிடா.

அப்படியாயின் தெளிவின் பயன் யாது? விடை இதுவே. உண்மையைக் கண்டவனிடமிருந்து அதனைப் பிரித்தெடுத்துப் பொதுச் சொத்தாக்குவது தெளிவான எழுத்து. கோர்டனைக் கண்டிராத ஹோம்ஸ், சமுத்திரத்துக்கு அப்பாலே, அரை நூற்றாண்டு கழித்து, அவருடைய கணக்கைச் சரிபார்த்துத் தம் வாதத்துக்கு அடித்தளமாக்கினார். கோர்டனுடைய பிழைகளும் அவ்வாறே வெளிச்சத்தில் நின்றன. இரத்தம் வெளியேற்றுவதே சிகிச்சை என்று அவர் நம்பினார். அதனையும் மறைக்காது எழுதியமையால் பின்வந்தோர் கொள்ளுவதைக் கொண்டு தள்ளுவதைத் தள்ள முடிந்தது. செமல்வைசின் உண்மையோ அவரோடு வியன்னாவிலிருந்து பெஸ்டுக்குப் பிரயாணஞ் செய்தது. அவர் கண்காணித்த அறையிலே மரணம் குறைந்தது. அவர் நீங்கிய அறையை அவருடைய சொல் காக்கவில்லை. நம்மை நேசிக்காதவனும், நம்மை நேரிலே கண்டிராதவனும் படித்து, சோதித்து, செய்து பார்க்கக்கூடியதாக எழுதப்படும் வரை எந்த வைத்திய உண்மையும் முழுமை பெறுவதில்லை.

பிற்காலம் இதனை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டது. 1867 இல் லிஸ்டர் தம் கிருமி நீக்கச் சத்திரசிகிச்சை முறையை நோயாளர் விவரங்களோடு தொடர்கட்டுரைகளாக எழுதினார். 1879 இல் பாஸ்தர் பாரிஸ் வைத்திய சபையிலே பிரசவக் காய்ச்சலின் கிருமியைச் சங்கிலி வடிவிலே கரும்பலகையில் வரைந்து காட்டினார். 1936 இல் லண்டனிலே கோல்புறூக் புதிய சல்பா மருந்தின் பயனை இந்நோயிலே எடுத்துக் காட்டினார். 1996 இல் வைத்தியப் பரிசோதனைகளை எவ்வாறு எழுத வேண்டும் என்பதற்கே ‘கொன்சோர்ட்’ என்னும் விதித்தொகுதி வகுக்கப்பட்டது. எத்தனை பேரைச் சேர்த்தீர், எம்முறையிலே பிரித்தீர், இடையிலே எத்தனை பேர் விலகினர் என்பவற்றை மறையாது கூறு என்பதே அதன் சாரம். கோர்டனின் அட்டவணைக்கு இருநூற்றோராண்டு பின்பு, அவருடைய நேர்மை ஓர் ஒழுங்குவிதி ஆயிற்று எனலாம்.

இதுவரை கூறியது வைத்தியன் வைத்தியனுக்கு எழுதும் எழுத்து. வைத்தியன் மக்களுக்கு எழுதும் எழுத்து என இன்னொன்று உண்டு. செமல்வைஸ் குளோரீன் நீரை வைத்த அதே 1847 ஆம் ஆண்டின் ஒக்டோபரிலே அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயிலே வைத்தியசாலையும் வைத்திய வகுப்பும் தொடங்கின. முதலிலே ஆங்கிலத்திற் கற்பித்த அவர் 1864 இலிருந்து தமிழிலே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் உத்தியோகம் நாடி வெளியேறுவர். தமிழிற் கற்றோர் தம்மூரிலே தங்கித் தம் மக்களுக்கு உதவுவர் என்பது அவர் எண்ணம். மாணாக்கருடன் சேர்ந்து அவர் மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். பிரசவ வைத்தியம் 1857 இல் வந்தது. இரண வைத்தியம் 1867 இல். மனுஷ அங்காதிபாதம் 1872 இல். கெமிஸ்தம் 1875 இல். மனுஷ சுகரணம் 1883 இல்.

மிஷனின் நோக்கம் மதம் பரப்புதல் என்பதை நாம் மறக்கவில்லை. அந்நூல்களின் வைத்தியம் அக்காலத்து வைத்தியமே. அக்காலத்துப் பிழைகளும் அதிலே இருக்கும். அவர் ஆக்கிய சொற்கள் சில இன்று நமக்கே கடினமாக உள்ளன. ஆயினும் ஓர் அடிப்படை உண்மையை அவர் செயலாற் காட்டினார். எலும்பையும் நரம்பையும் பிரசவத்தையும் பற்றிய நவீன அறிவு தமிழிலே சொல்லக்கூடியதே. தமிழிலே கற்று வைத்தியனாகக் கூடியதே. அம்முயற்சி தொடர்ந்து வளரவில்லை. இலங்கையின் மருத்துவ பீடங்களிலே போதனை இன்றும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. ஆங்கிலம் வேண்டாமென்பது நமது வாதமன்று. உலக ஆராய்ச்சியோடு தொடர்பு கொள்ள அது தேவையே. ஆனால் வைத்தியனின் அறிவு நோயாளியின் மொழிக்கு வந்துசேரும் பாலம் யார் பொறுப்பு? தோட்டத்து லயனிலே வாழும் தாய்க்கு, மருந்தை எத்தனை நாள் உட்கொள்ள வேண்டும், எந்த அறிகுறி கண்டால் உடனே வைத்தியசாலைக்கு ஓடிவர வேண்டும் என்பதை அவளுக்கு விளங்குஞ் சொல்லிலே எழுதிக்கொடாத வைத்தியம் அரைகுறை வைத்தியமே. தமிழிலே எழுதிவிட்டாற் போதும் என்பதுமன்று. பொருளறியாச் சொற்களை அடுக்கி எழுதப்படும் சுகாதாரத் துண்டுப் பிரசுரம் தமிழ் எழுத்திலே அச்சாகிய வளிமண்டல அண்டச் செல்வாக்கே தவிர வேறன்று.

இங்கே ஆசிரியர்களாகிய நமக்கும் மாணவர்களுக்கும் கடமை உண்டு. நாளைய வைத்தியனும் தாதியும் மருத்துவமாதும் இன்று நமது வகுப்பிலே கட்டுரை எழுதப் பழகுகின்றனர். நாம் அவர்களுக்கு எதைப் பாராட்டுகிறோம்? சொல்லடுக்கையா, அடைமொழிகளையா, பொருளில்லாக் கம்பீரத்தையா? அல்லது யார், எதை, எப்போது, எத்தனை தடவை செய்தார் என்பதை எழுவாய் மறையாது எழுதும் நேர்மையையா? விஞ்ஞான பாடத்திலே ஒரு சிறு பரிசோதனையின் விவரத்தை, அதனைக் கண்டிராத இன்னொரு மாணவன் படித்து அப்படியே செய்து பார்க்கும்படி எழுதச் செய்வது நல்ல மொழிப் பயிற்சி. அதுவே நல்ல விஞ்ஞானப் பயிற்சி. அதுவே பொறுப்பான பிரஜைக்குரிய பயிற்சியுமாகும்.

அபர்டீனின் அட்டவணையிலே எழுபத்தேழு பெயர்கள் உள்ளன. வியன்னாவின் முதலாம் பிரிவிலே இறந்தோரின் பெயர்களை நாம் அறியோம். எண்கள் மட்டுமே நம்மிடம் உள்ளன. 1847 க்கும் 1861 க்கும் இடையிலே ஐரோப்பாவின் பிரசவ அறைகளில் இறந்த தாய்மாருள், தெளிவான ஒரு சிறு நூல் உரிய வேளையிலே வந்திருந்தாற் பிழைத்திருக்கக்கூடியவர் எத்தனை பேர் என்பதை எவராலும் கணக்கிட முடியாது. ஒருவராவது இருந்திருப்பார் என்று கொண்டாலும் போதும். தெளிவாக எழுதுவது அலங்காரமன்று, கடமை என்பதற்கு அந்த ஒரு தாயே சாட்சி.